தொண்ணூற்றொன்பதாம் செட் கேட்டுக்கு வந்த கதை

படித்து முடித்து இருபத்தைந்து வருஷம் ஆன செட், ஆண்டு விழாவன்று குன்றுப் பள்ளிக்குள் காரில் போக முடியாது. மந்திரி பெண்டாட்டியாக இருந்தாலும் சரி, லண்டனிலிருந்து வந்த டாக்டராக இருந்தாலும் சரி, கீழே ரோட்டில் இறங்கி, பழைய யூனிஃபார்மில் மேடேறி நடந்து, மூடிய கேட்டின் முன்னால் நிற்க வேண்டும். உள்ளே பள்ளி மொத்தமும் வரிசை கட்டி நிற்கும். வெளியே நிற்பவர்களில் ஒருத்தி குரல் கொடுத்துக் கேட்க வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து பதில் கொடுக்க வேண்டும். அதற்கு ஜாமா என்று பெயர். ஜாமா எழுந்தால்தான் தலைமை மாணவி தாழ்ப்பாளை இழுப்பாள். மூன்று தடவை கேட்கலாம். மூன்றும் சோகையாகப் போனாலும் கேட் திறக்கத்தான் செய்யும், பெரிய மனுஷிகளை எவ்வளவு நேரம் வெயிலில் நிறுத்தி வைப்பார்கள்? ஆனால் அப்படி இரக்கப்பட்டுத் திறந்த கேட்டுக்குள் போன செட்டை அதற்கப்புறம் ஒரு ஈ காக்கைகூட மதிக்காது.

போன வருஷம் தொண்ணூற்றெட்டாம் செட்டுக்கு அதுதான் நடந்தது. அந்தப் புத்திசாலிகள் கேப் கோஸ்ட் நகரத்திலிருந்து ஒரு பித்தளை பேண்டை வாடகைக்குப் பிடித்து வந்தார்கள். பேண்ட் பிளந்து கட்டியது. பேண்ட் ஓய்ந்ததும் தலைமை மாணவி, பதினேழு வயசுப் பொண்ணு, கம்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, இங்க படிச்சது நீங்களா, இந்த ட்ரம்பெட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தாள். அன்றிலிருந்து அவர்கள் பெயர் ட்ரம்பெட் செட். அதில் ஒருத்தி நீதிபதி. அவளும் ட்ரம்பெட்தான்.

தொண்ணூற்றொன்பதாம் செட்டுக்கு அந்தக் கவலையே கிடையாது. அவர்களிடம் எக்குவா கார்ட்டே இருந்தாள்.

எக்குவாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ஆபா குவான்சாவுக்கு இன்றைக்கும் வாய் ஓயாது. பள்ளியில் மூன்று வருஷமும் எக்குவாவின் இடது பக்கத்தில் நின்றவள் ஆபா. எக்குவாவுக்கு "ஸ்டேஷன்" என்று பட்டப்பெயர். லாரி நிலையத்தில் ஊர் பேரைக் கூவி ஆள் ஏற்றுகிறவர்கள் அத்தனை பேரையும் ஒரே தொண்டையில் அடைத்த மாதிரி ஒரு குரல். ஆனால் சத்தம் மட்டும் என்றால் யாரும் இருபத்தைந்து வருஷம் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். அவள் கேட்கிற கேள்வியில் விஷயம் இருந்தது. "எங்கே?" என்று அவள் கேட்பாள், "இங்கே!" என்று எல்லோரும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அந்த ஜாமா. எதை எங்கே என்று கேட்பாள் என்பது அவளுக்கே வாயைத் திறக்கும்வரை தெரியாது.

ஒரு தடவை, பள்ளிகளுக்கிடையேயான ஓட்டப் போட்டியில், கடைசி ரிலேயில் குன்றுப் பள்ளிப் பெண் குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். கப் ஆற்றங்கரைப் பள்ளிக்குப் போனது. குன்றுப் பள்ளிப் பக்கம் இழவு வீடு. அப்போது எக்குவா எழுந்தாள். தன் பள்ளிக்கு முதுகைக் காட்டி, எதிராளிகள் பக்கம் திரும்பி நின்று கேட்டாள்: "கப் எங்கே?" ஆற்றங்கரைக்காரிகள் திகைத்துப் போனார்கள், அப்புறம் கப்பைத் தூக்கி, "இங்கே!" என்றார்கள். எக்குவா சட்டென்று தன் பக்கம் திரும்பி, "அதைத் துடைச்சு வைக்கற துணி எங்கே?" என்றாள். ஐந்நூறு கைக்குட்டைகள் எழுந்தன. "இங்கே!" மறுபடி அந்தப் பக்கம்: "அடுத்த வருஷம் நாங்க வர்றவரைக்கும் காவல் காக்கற கழுதைங்க எங்கே?" வாய்ப் பழக்கத்தில் பாதி ஆற்றங்கரை "இங்கே!" என்று கத்திவிட்டது. தோற்ற பள்ளி சிரித்துக்கொண்டே பஸ் ஏறியது. குச்சியைப் போட்டவளும் சிரித்தாள்.

ஆபாவின் வேலை என்ன என்றால், எக்குவா கேட்டதை முதல் ஆளாகப் பிடித்துப் பதில் கொடுப்பது. கூட்ட இரைச்சலில் பின்வரிசைக்குக் கேள்வி கேட்காது. ஆபாவின் "இங்கே" கேட்டால் போதும், பின்வரிசை எடுத்துவிடும். இதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்ட வேலை. அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, கேட்கிற இடத்தில் தான் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

விழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, செட்டின் வாட்ஸ்அப் குழுவில் எக்குவா ஒரு வரி போட்டாள். "நான் வரலை. வேற ஆளப் பாத்துக்கோங்க." கீழே ஒரு சிரிப்பு பொம்மை.

குழு கொந்தளித்தது. அவளோடு சேர்த்து அறுபத்து மூன்று பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள், மற்ற அறுபத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் தட்டச்சு செய்தார்கள். கனடாவிலிருந்து ஒருத்தி, தான் டிக்கெட் எடுத்ததே எக்குவா கத்துவதைக் கேட்கத்தான் என்று அழுதாள். எக்குவாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மறுநாள் செட் தலைவி ஃபிலோமினா அமிசா ஆபாவைக் கூப்பிட்டாள்.

"ஆபா, நீதான் கேக்கற."

"நானா? போடி!"

"அவ பக்கத்துலயே மூணு வருஷம் நின்னல்ல? காதுக்குள்ள ஏறியிருக்கும். சாக்கு சொல்லாத, எனக்கு நேரமில்ல. சாப்பாட்டுக்காரிகிட்ட இன்னும் மல்லுக்கட்டணும்."

போனை வைத்ததும் ஆபாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். எக்குவாவுக்கு என்ன ஆச்சு என்ற கவலை அதற்கு அப்புறம்தான் வந்தது. அதை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

செக்கந்தியில் மருத்துவச்சி வேலை பார்க்கிறவள் ஆபா. இருபது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. வார்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். தையல்காரி டோர்காஸிடம் மட்டும் அது செல்லவில்லை. பச்சைக் கட்டம் போட்ட பள்ளித் துணியோடு போய் நின்றபோது, டோர்காஸ் டேப்பை இடுப்பில் சுற்றியபடியே சொன்னாள்: "அக்கா, மூச்ச விடுங்க."

"விட்டாச்சு."

"பொய். இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. இந்த மூச்சுக்குத் தச்சா அன்னிக்கு நீங்க விடற மூச்சுல கிழியும். அப்புறம் டோர்காஸ் தச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. இந்த வாரத்துல நீங்க பதினோராவது ஆளு. பதினோரு பேரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க. அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தாங்க அந்த ஸ்கூல்ல?"

ஆபா மூச்சை விட்டாள். டேப் நான்கு அங்குலம் நகர்ந்தது. டோர்காஸ் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள், அதுவே பெரிய மரியாதை.

கவுன் வந்த அன்று, வெள்ளைக் காலரும் பெல்ட்டுமாகக் கூடத்தில் வந்து நின்றவளைப் புருஷன் எபோ மேலும் கீழும் பார்த்தான். "பாப்பா எந்த வகுப்பு?"

"உதை வாங்குவே."

"எங்கம்மாகிட்டச் சொல்றேன், ஒரு ஸ்கூல் பொண்ணு வீட்டுக்குள்ள வந்து மிரட்டுதுன்னு." என்றாலும் அவன் கண் அவளை விட்டு நகரவில்லை. அதைக் கவனித்த ஆபா, தேவையில்லாமல் இன்னும் இரண்டு தடவை கூடத்தைக் கடந்து போனாள்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, சனிக்கிழமை, கேப் கோஸ்ட்டில் ஃபிலோமினா வீட்டு முற்றத்தில் ஒத்திகை. இருபது பேர் வந்திருந்தார்கள். பாதி நேரம் கட்டிப்பிடிப்பதிலும் யாருக்கு எத்தனை பிள்ளை என்பதிலும் போனது. சோள மாவுக் கென்கே உருண்டைகளும் பொரித்த மீனும் காலியான பிறகு ஃபிலோமினா கை தட்டினாள். "போதும்டி. வரிசை. ஆபா, முன்னால போ. ஆரம்பி."

ஆபா முன்னால் போய் நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள். முற்றத்தில் ஒரு சேவல் நடந்து போனது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"என்னடி?" என்றாள் ஃபிலோமினா.

"என்ன என்னடி?"

"கேளுடி!"

அப்போதுதான் ஆபாவுக்குத் தெரிந்தது, தான் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று. உடம்பு முழுக்கத் தயாராக இருந்தது, நெஞ்சில் காற்று நிறைந்திருந்தது, நாக்கின் நுனியில் "இங்கே" இருந்தது. எவளாவது "எங்கே" என்று கேட்டால் அந்த வீட்டுக் கூரையே எகிறும்படி பதில் கொடுத்திருப்பாள். கேட்க வேண்டியவள் தானே என்பது மட்டும் எங்கேயும் உறைக்கவில்லை. இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இரண்டாம் தடவை கத்தினாள். "தொண்ணூத்தொம்போது எங்கே?"

"இங்கே," என்றார்கள், ரேஷன் வரிசையில் பேர் கூப்பிட்ட மாதிரி.

"ஆபா," என்றாள் வரிசையின் கோடியிலிருந்த செலின் டாட்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீ கேக்கறப்ப 'முக்கு, முக்கு'ன்னு சொல்ற மாதிரியே இருக்கு. எனக்கு மூணு பெத்த வலியும் திரும்பி வந்துடுச்சு."

சிரிப்பு முடிந்து எல்லோரும் கிளம்பியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "சாப்பாடு அருமை" என்று மூன்று பேர் ஃபிலோமினாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆபா முட்டாள் இல்லை. ட்ரம்பெட் செட்டுக்குப் பக்கத்தில் தன் செட்டும் போய் உட்காரப் போகிறது, அதுவும் தன்னால், என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்த விடுமுறை நாளில் காலையிலேயே பஸ் ஏறி ஸ்வேத்ரு போனாள். அங்கேதான் எக்குவா ஐஸ் மீன் கடை வைத்திருந்தாள். போகிற வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டாள். பெரிய இவள், தலைக்கனம், வரலையாம்.

கடை வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். கல்லாவுக்குப் பின்னால் எக்குவா. உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது, கழுத்தில் ஒரு மஞ்சள் ஸ்கார்ஃப். அவள் ஆபாவை இன்னும் பார்க்கவில்லை. உறைந்த கானாங்கெளுத்திக் கட்டியை இரும்புக் கம்பியால் ஒரே குத்தில் பிளந்து தராசில் வைத்தாள். வாங்க வந்தவள், "அக்கா, விலை ஜாஸ்தி, அஞ்சு சீடி கொறைங்க," என்றாள். எக்குவா ஒன்றும் பேசவில்லை. இடது புருவத்தைத் தூக்கினாள். "சரி மூணு," என்றாள் அவள். புருவம் அப்படியே நின்றது. "சரி, கடைசியா ரெண்டு." எக்குவா மெதுவாகத் திரும்பி மீனை எடுத்து மறுபடி ஐஸ் பெட்டிக்குள் வைக்கப் போனாள். "அய்யோ, குடுங்கக்கா, நான் என்ன கேட்டுட்டேன் இப்ப!" வாங்க வந்தவள் முழு விலையையும் கொடுத்து, போகும்போது நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள். ஆபா கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி அங்கேயே உதிர்ந்தன. வாயே திறக்காமல் ஒரு மனுஷியால் இப்படிக் கடை நடத்த முடியுமா?

எக்குவா நிமிர்ந்தாள். பார்த்தாள். கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கல்லாவைச் சுற்றி வந்து, மீன் நாற்றத்தோடு ஆபாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் காதருகில் ஏதோ சொன்னாள். கதவு இடுக்கில் காற்று வருகிற மாதிரி ஒரு சத்தம்.

"என்னது?" என்றாள் ஆபா.

"வந்துட்டியா கழுதைன்னேன்." எக்குவா ஸ்கார்ஃபைக் கொஞ்சம் இறக்கினாள். கழுத்துக் குழிக்கு மேலே, குறுக்காக, ஒரு தழும்பு. ஆபா மருத்துவச்சி, விளக்கம் தேவைப்படவில்லை. ஆனாலும் எக்குவா சொன்னாள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு எடுத்து. "கட்டி இருந்துச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு எடுத்து. குரல் போனாலும் போகும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரு. உசிரு வேணுமா குரல் வேணுமான்னா என்னத்தச் சொல்றது. போயிடுச்சு."

"ஏண்டி எங்ககிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வாய்ஸ் மெசேஜ் போடவா?"

ஆபாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. எக்குவா அவளை ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் இழுத்துப் போய் உட்கார வைத்தாள்.

"இத பாரு," என்றாள். "அந்த அறுபது பேரு தலைக்குள்ளயும் என் குரல் இருக்கு. நல்லா இருக்கு, கெடாம இருக்கு. நான் அங்க வந்து இப்படிப் புஸ்ஸு புஸ்ஸுன்னு பேசினா அதையும் கெடுத்துட்டுப் போவேன். அப்புறம் எல்லாரும் என்னைப் பாத்து, 'அய்யோ பாவம் எக்குவா'ம்பாங்க. யாருக்கு வேணும் அது?"

ஆபா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள், பச்சைக் கட்டம் போட்ட கவுன் தொங்குவதைப் பார்த்தாள். காலர் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது.

"இது யாருக்கு?"

"மீனுக்கு."

"எக்குவா."

எக்குவா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்தது. "போட்டுப் பாக்கலாம்னு தச்சேன். வீட்டுக்குள்ளயே."

அந்த ஒரு வாக்கியம் ஆபாவைப் போட்டு உலுக்கிவிட்டது. இவள், தோற்ற பள்ளியைச் சிரிக்க வைத்தவள், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக யூனிஃபார்ம் போட்டுப் பார்த்திருக்கிறாள். இவள் இல்லாமல் அந்தக் கேட்டின் முன்னால் போய் நிற்பதைவிட அசிங்கம் வேறு இல்லை என்று ஆபாவுக்குத் தோன்றியது. ஜாமா எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி.

"நீ கேக்க வேணாம்," என்றாள். "நான் கேக்கறேன். நீ சும்மா வா. கடைசி வரிசையில நில்லு. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிடறேன், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லணும்னா சொல்லு, இல்லாட்டி விடு."

வெளியே யாரோ மீன் கேட்டுக் கூப்பிட்டார்கள். "நீ கேப்பியா?" என்றாள் எக்குவா. "எங்க, கேளு பாப்போம்."

ஆபா எழுந்து நின்று கேட்டாள். எக்குவா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே," என்றாள் அந்தக் காற்றுக் குரலில். "செலின் சொன்னது சரிதான்."

"செலின் உனக்கும் சொல்லிட்டாளா?"

"அவ யாருக்குச் சொல்லல?"

விழா நாள் காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. குன்றின் அடிவாரத்தில், ரோட்டோரம் கார்களும் வேன்களும் நின்றன. கார்களுக்குள் விக்குகள் கழற்றி வைக்கப்பட்டன, காது வளையங்கள் பைக்குள் போயின, வெள்ளைக் கான்வாஸ் ஷூக்களின் நாடாக்களைக் கட்டக் குனிய முடியாமல் ஒருத்திக்கு ஒருத்தி கட்டிவிட்டார்கள். பச்சைக் கட்டத்தில் அறுபத்திரண்டு நடுவயதுப் பெண்கள். நெஞ்சுக்கு மேலே பட்டன் தெறித்தவளுக்குத் தைக்க ஊசியோடு ஒருத்தி ஓடினாள். வங்கி மேலாளர் ஒருத்தி, "ஏய், என் பெல்ட்ட எவ எடுத்தா?" என்று பதினாறு வயசுக் குரலில் கத்தினாள்.

எக்குவா வாடகை வண்டியிலிருந்து இறங்கியதும் பெரிய கூச்சல். "ஸ்டேஷன் வந்துட்டா! ஸ்டேஷன் வந்துட்டா!" பத்துப் பேர் ஒரே சமயத்தில் கட்டிக்கொண்டார்கள். ஆபா நடுவில் புகுந்து, "விடுங்கடி, அவளுக்குத் தொண்டை கட்டு, பேச விடாதீங்க, டாக்டர் சொல்லியிருக்காரு," என்று பிரசவ வார்டு அதிகாரத்தோடு விரட்டினாள். எக்குவா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஸ்கார்ஃப் கழுத்தில் இருந்தது. ஃபிலோமினாவுக்கு மட்டும் முகம் ஒரு மாதிரி ஆனது.

மேடேறினார்கள். பாதி வழியில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, டோர்காஸ் விட்டுத் தைத்த அங்குலங்கள் அப்போதுதான் உதவின. கேட்டின் முன்னால் போய் நான்கு வரிசையாக நின்றார்கள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் பள்ளி மொத்தமும் சத்தம் போடாமல் நின்றது. தலைமை மாணவி, ஒல்லியான, நீண்ட பெண், தாழ்ப்பாளில் கை வைத்தபடி காத்திருந்தாள்.

ஆபா முன்னால் வந்தாள். இந்தத் தடவை காத்திருக்கவில்லை. காற்றை இழுத்துக் கேட்டாள்: "தொண்ணூத்தொம்போது எங்கே?"

"இங்கே!"

பதில் வந்தது, ஆனால் பிசிறிப் பிசிறி வந்தது. முன்வரிசை முந்தியது, பின்வரிசை பிந்தியது. தலைமை மாணவி அசையவில்லை. முதல் தடவை.

"குன்றுப் பள்ளிப் பொண்ணுங்க எங்கே?"

"இங்கே!" முன்னதைவிட மோசம். உள்ளே சின்னப் பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒரு கீச்சுக் குரல், "அக்கா, ட்ரம்பெட் கொண்டு வரலியா?" என்றது. உள்ளே ஐந்நூறு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இரண்டாம் தடவை.

ஆபாவின் முதுகில் வியர்வை ஓடியது. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பார்த்தால் எக்குவாவைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும், கூப்பிட மாட்டேன் என்றுதானே அவளை இங்கே கூட்டி வந்தது? போனால் போகட்டும், ட்ரம்பெட் செட்டோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறந்தாள்.

விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

எக்குவா. வரிசைகளுக்கு நடுவே வழி பிளந்துகொண்டு வந்திருந்தாள். ஆபாவை இடது பக்கமாக ஒரு அடி தள்ளினாள். அவளுடைய இடத்தில் நின்றுகொண்டாள். பின்னால் மகிழ்ச்சிக் கூச்சல் கிளம்பியது. அவள் கையைத் தூக்கியதும் அடங்கியது. அவள் வாயைத் திறந்தாள். முன்வரிசைக்கு அந்தக் காற்றுச் சத்தம் லேசாகக் கேட்டது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. இது தொண்டைக்கட்டு இல்லை என்று மட்டும் கேட்டவர்களுக்குத் தெரிந்தது. செலின் டாட்சி கையால் வாயை மூடிக்கொண்டாள். வார்த்தை முழுதாகக் கேட்டது ஆபாவுக்கு மட்டும்தான்.

"என் குரல் எங்கே?" என்று கேட்டிருந்தாள் எக்குவா.

ஒரு கணம், ஒரே கணம், ஆபா பதில் சொல்ல மறந்து எக்குவாவின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை. பழைய குறும்புதான் இருந்தது. மீன் வாங்க வந்தவளிடம் தூக்கிய அதே புருவம். ஐந்நூறு பேருக்கு முன்னால், தான் தொலைத்ததையே எடுத்து விளையாட்டாக்கிக் கேட்கிறாள். என்ன பெண்ணடி இவள், என்று நினைத்தாள் ஆபா. இவளுக்குப் பதில் சொல்லத்தானே பிறந்தேன்?

"இங்கே!" என்று அவள் கொடுத்த குரலில் தாழ்ப்பாளில் கை வைத்திருந்த பெண் துள்ளினாள்.

"இங்கே!" என்றார்கள் அறுபத்தொரு பேர், ஒரே தொண்டையாக, கேள்வி என்ன என்று தெரியாமலே. ஆபா எடுத்தால் அவர்களும் எடுப்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். தலைமை மாணவி தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். கேட் இரண்டு பக்கமும் திறந்தது.

யாரும் நகரவில்லை. "என்ன கேட்டா? என்ன கேட்டா?" என்று இரண்டாவது வரிசை முதல் வரிசையைக் கேட்டது. ஆபா அழுதுகொண்டே சொன்னாள். அது வரிசைக்கு வரிசை பின்னால் போனது. போய்ச் சேர்ந்த இடமெல்லாம் அமைதியானது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததும், யாரும் கேட்காமல், திறந்துவிட்ட கேட்டின் முன்னால், தாங்கள் என்ன சொல்கிறோம் என்று தெரிந்து, அவர்கள் இன்னொரு தடவை சொன்னார்கள்.

"இங்கே!"